மண்ணரசியின் நகையும் அம்மாவின் கழுத்தும்

மார்ச் 10, திங்கள்

பத்தாம் வகுப்பில் எல்லோரும் இரண்டு வாரம் எங்காவது போய் வேலை பழக வேண்டும் என்பது எங்கள் பள்ளிச் சட்டம். லீனா மிருக வைத்தியரிடம் போகிறாள். ஃபின் தன் தகப்பனின் வங்கிக்குப் போகிறான். நான் நேரம் பிந்தி விண்ணப்பித்ததால் எனக்குக் கிடைத்தவர்கள் செத்தவர்கள்.

சும்மா செத்தவர்கள் அல்ல. ஆயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முன்பே செத்து முடித்தவர்கள். நெக்கர் ஆற்றங்கரையில் வீடு கட்ட நிலத்தைத் தோண்டினால், தண்ணீர்க் குழாய்க்கு முன்பே அலமன்னியர்தான் அகப்படுவார்கள். அலமன்னியர் என்றால் இந்தப் பக்கத்து ஜெர்மன்காரர்களுக்குப் பூட்டனின் பூட்டன் முறை. தங்கள் ஆட்களை வாள், சீப்பு, நகை என்று சகலதோடும் புதைத்தவர்கள். அந்த நகைகளைத் துப்புரவாக்கும் பட்டறையில்தான் எனக்கு வேலை. ஆயுதம்: ஒரு பல் துலக்கும் பிரஷ். சம்பளம்: வேலை முடிந்தால் அந்த பிரஷை வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் மொழிப்பற்று என்று தமிழ்ப் பள்ளி ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில், பட்டறையில் யாராலும் இதை வாசிக்க முடியாது. அம்மாவால் முடியும். ஆனால் என் கையெழுத்தைத் தமிழ் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு ஒரு தொல்லியல் பட்டறை தேவைப்படும்.

எனக்குப் பொறுப்பாக இருப்பவள் யோஹன்னா. முப்பது வயதுக்குள் இருக்கும். மூக்கில் வளையம். முகம் அசையாமல் பகிடி விடுவாள். முதல் மணித்தியாலத்திலேயே ‘நீ’ என்று கூப்பிடச் சொல்லிவிட்டாள். அவள் பேசுவது ஜெர்மன், நான் எழுதுவது தமிழ். ஆகவே இந்தக் கொப்பிக்குள் அவள் யாழ்ப்பாணத்தாள் மாதிரித்தான் பேசுவாள். அது அவளுடைய விதி.

மேசையில் ஒரு பெரிய மண்கட்டி இருந்தது. சுற்றிவர ஜிப்சம் பூசி, கால் முறிந்த யானைக்குட்டி மாதிரிக் கிடந்தது.

“இது ஒரு பொம்பிளை,” என்றாள் யோஹன்னா.

“சுகமில்லையோ?”

“கொஞ்சம் பழுதாப் போனா.”

இவளோடு காலம் தள்ளலாம் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

தோண்டுகிற இடத்தில் மழை வந்தால் எல்லாம் கலைந்துவிடுமாம். அதனால் கழுத்திலிருந்து முழங்கால் வரை மண்ணோடு சேர்த்து வெட்டித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் இருப்பதுபோன்ற ஒரு ஸ்கேனுக்குள் அதை அனுப்பிப் படமும் எடுத்தாயிற்று. படத்தில் மண் சாம்பல் நிறம், உலோகம் வெள்ளை. மேலே இரண்டு சின்ன வெள்ளைப் புள்ளிகள், கீழே இரண்டு நீட்டு வெள்ளைத் துண்டுகள். அவளுக்குப் பட்டறை கொடுத்த பெயர் ஓர் இலக்கம். நான் கொடுத்த பெயர் மண்ணரசி. பொன்னோடு கிடப்பதால் பொன்னரசி என்று வைத்திருக்கலாம். ஆனால் என் பெரியம்மாவின் பெயர் அது, அவர் இன்னும் மண்ணுக்கு மேலேதான் இருக்கிறார்.

அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் கழுத்தில் ‘ஒரு சின்ன அலுவல்’ இருக்கிறதாம். அம்மா சின்னது என்று சொல்வதன் உண்மையான அளவை அடுக்களையைப் பார்த்துத்தான் கணிக்க வேண்டும். இன்று அவர் அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவரைக் கழுவினார்.

மார்ச் 11, செவ்வாய்

தங்கத் தாள் சுற்றிய சொக்கலேற் நாணயம் ஒன்றை யோஹன்னாவின் தட்டில், கண்டெடுத்த பொருட்களுக்கு நடுவில் வைத்துவிட்டு முகத்தைச் சாமி படம் மாதிரி வைத்துக்கொண்டேன். மத்தியானம் வந்து பார்த்தால் நாணயம் இல்லை. அதன் இடத்தில் ஒரு துண்டுக் காகிதம்: ‘தங்கம் போன்றது. உள்ளே கரிமப் பொருள். மென்று ஆய்வு செய்யப்பட்டது. காலம்: போன நத்தார்ப் பண்டிகை.’

ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் சமன்.

பின்னேரம் முதல் வெள்ளைப் புள்ளி வெளியே வந்தது. மண்ணரசியின் மார்புக்கு மேலே, ஒரு புரோச், உடுப்பைக் குத்திப் பிடிக்கும் நகை. இரண்டு யூரோ நாணயத்தின் அளவு. பூவைப்போலப் பிரித்த சின்னச் சின்னத் தங்க அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புக் கல். யோஹன்னா ஈரப் பஞ்சால் ஒரு தடவைதான் ஒற்றினாள். கல்லுக்குள் யாரோ விளக்குப் போட்டது மாதிரி இருந்தது. கல்லுக்கு அடியில் கோடு கோடாக அழுத்திய தங்கத் தகடு இருக்கிறதாம், அதுதான் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறதாம்.

“இந்தக் கல் இஞ்சத்தையான் இல்லை,” என்றாள் யோஹன்னா. “இந்தக் காலத்து கார்னெட் கல் கனக்க இந்தியாவில இருந்து வந்தது. சிலது சிலோனில இருந்து.”

“சிலோனோ? அப்ப எங்கட ஆள்!”

“சோதிச்சுப் பாத்தாத்தான் சொல்லலாம். மாசக்கணக்காகும்.”

“சோதனை தேவையில்லை. விசா இல்லாமல் வந்து, ஜெர்மன்காரற்ற நெஞ்சில ஏறி இருந்து, ஆயிரத்தைந்நூறு வருசமாத் திருப்பி அனுப்பேலாமக் கிடக்குது. எங்கட ஆளேதான்.”

யோஹன்னா முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தாள். எனக்கு ஒரு புள்ளி.

மார்ச் 12, புதன்

அம்மா இன்று குளிர்சாதனப் பெட்டியின் மேற்பக்கத்தைத் துடைத்தார். அதற்கு மேற்பக்கம் இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

மார்ச் 13, வியாழன்

அம்மா பையை அடுக்கிக்கொண்டே சொன்னார். தைரொயிட்டில் ஒரு கட்டி. பாதித் தைரொயிட்டை எடுக்க வேண்டும்.

“நல்ல கட்டியோ, கூடாத கட்டியோ?”

“எடுத்துப் பாத்தாத்தான் தெரியுமாம்.”

யோஹன்னாவும் கிட்டத்தட்ட இதே வசனத்தைத்தான் கல்லுக்குச் சொன்னாள். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டார்களோ தெரியாது.

“அப்பாட்டச் சொன்னீங்களோ?”

“அவருக்கு வேலை.”

அப்பா உல்மில் ஒரு பாண் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மூன்று வருடங்களுக்கு முன்னால் ‘வேலைக்காக’ அங்கே போனார். எங்கள் ஊரிலும் பாண் சுடுகிறார்கள் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லைபோலும். உல்ம் ஒரு மணித்தியாலப் பயணம். நத்தாருக்கும் என் பிறந்தநாளுக்கும் வருவார், கதிரை விளிம்பில் இருந்து தேத்தண்ணி குடிப்பார், சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போவார். இருவரும் சண்டை போட்டு நான் கண்டதில்லை. எங்கள் ஊர் மனைவிமார் கணவனைக் கூப்பிடுவதுபோல அம்மா ‘இஞ்சேருங்கோ’ என்று கூப்பிட்டும் கண்டதில்லை.

நாளைக்கு அம்மாவுடன் மேகலா அன்ரி போகிறார். மேல்மாடியில் இருப்பவர், அம்மாவின் சிநேகிதி, எங்கள் கட்டடத்தின் செய்தி நிறுவனம். நான் பட்டறைக்குத்தான் போக வேண்டுமாம். “நீ ஹொஸ்பிட்டலில வந்து நிண்டு ஆக்களப் பகிடி பண்ண வேண்டாம்,” என்றார் அம்மா.

மார்ச் 14, வெள்ளி

இன்று பட்டறையில் இரண்டாவது சின்ன புரோச் வந்ததாம். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் பார்க்கவில்லை. ஃபோனை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு மேகலா அன்ரியின் செய்திக்காகக் காத்திருந்தேன். எதுவும் வரவில்லை. கட்டடத்தின் செய்தி நிறுவனம் மௌனமானால் உலகத்தில் ஏதோ பிழை.

நான்கு மணிக்கு வீட்டுக்கு ஓடினேன். கதவைத் திறந்தால் கத்தரிக்காய் பொரிக்கும் மணம். அம்மா அடுப்படியில் நிற்கிறார்.

“டொக்டருக்கு நேரமில்லையாம்,” என்றார், திரும்பாமல். “வேற நாள் தருவினமாம். கை கழுவிப்போட்டு வா.”

கழுத்தில் கட்டு இல்லை. தாலிக்கொடி மட்டும் வழக்கம்போலச் சட்டைக்கு மேலே கிடந்தது.

கத்தரிக்காய் கருகியிருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன். நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டதைக் கண்டு அம்மா பயந்திருக்க வேண்டும்.

மார்ச் 15, சனி

குப்பை போடப் போகும்போது படிக்கட்டில் மேகலா அன்ரியைப் பிடித்தேன். தப்பிக்க முடியாதபடி இரண்டு குப்பைப் பைகளாலும் வழியை மறித்தேன்.

“ஆருக்கும் சொல்லாத எண்டவா,” என்றார்.

“நான் ஆரும் இல்லை அன்ரி. நான் மகள்.”

அவ்வளவுதான் தேவைப்பட்டது. “என்னத்தச் சொல்ல பிள்ளை! உடுப்பெல்லாம் மாத்தி, தொப்பியும் போட்டு, கட்டில்ல ஏறிப் படுத்தாச்சு. அந்த நேர்ஸ் பிள்ளை வந்து, நகையக் கழட்டுங்கோ எண்டிச்சு. காப்பு, தோடு, மோதிரம் எல்லாம் கழட்டினவா. கொடியில கை வைக்க எழும்பி இருந்திட்டா. ஏலாது எண்டிட்டா. அவையள் சொல்லிப் பாத்திச்சினம், நான் சொல்லிப் பாத்தன், ஒரு துருக்கிப் பொம்பிளை, பக்கத்துக் கட்டில், அவவும் சொல்லிப் பாத்தா. கழுத்திலதானே வெட்டப் போறாங்கள், கழுத்தில அத வச்சுக்கொண்டு எப்பிடி வெட்டுறது? கடைசியா உடுப்பப் போட்டுக்கொண்டு வந்திட்டா.”

“அன்ரி, அது கூடாத கட்டியா இருந்தா?”

மேகலா அன்ரி என்னைப் பார்த்தார். பிறகு குப்பைப் பையைப் பார்த்தார். “மஞ்சள் துண்டொண்டு கயித்தில கட்டிப்போட்டு தங்கத்தக் கழட்டலாம். எங்கட ஆக்கள் செய்யிறதுதான். கொடி திருத்தக் குடுத்தா, கயிறுதானே கட்டுறது. அதையும் சொன்னனான். ஆனா கயிறும் கழுத்திலதானே பிள்ளை.”

இரண்டு குப்பைப் பைகளையும் பிழையான தொட்டியில் போட்டுவிட்டேன். இந்த நாட்டில் அதற்குத்தான் உண்மையான தண்டனை.

மார்ச் 16, ஞாயிறு

அம்மாவிடம் நேரே கேட்டேன்.

“கொடியக் கழட்டாம வந்தனீங்களாம்.”

“மேகலான்ர வாயில ஸிப் வச்சுத் தைக்கவேணும்.” அம்மா மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். “இது கழுத்தில ஏறினா இறங்கிறது ஒருக்காத்தான்.”

“அப்பா உல்மில நல்லா உயிரோட இருக்கிறார் அம்மா. நேற்றும் வட்ஸ்அப்பில ‘காலை வணக்கம்’ எண்டு ரோசாப்பூ அனுப்பினவர்.”

“அது எனக்குத் தெரியும்.”

“பிறகென்ன?”

கத்தி கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு நின்றது.

“இறக்கினா ஆர் திருப்பி ஏத்துறது?”

“நான் ஏத்தி விடுறன். எனக்கு உயரம் காணும்.”

அம்மா சிரிக்கவில்லை. அவர் கண் கலங்கியதற்கு வெங்காயம் என்று எழுதிவிடலாம். ஆனால் அவர் வெட்டிக்கொண்டிருந்தது கரட்.

மார்ச் 17, திங்கள்

இன்று எந்தக் குறும்பும் செய்யவில்லை. யோஹன்னா காலையில் தன் கதிரையைத் தூக்கிப் பார்த்தாள், தேத்தண்ணியை மணந்து பார்த்தாள், கையுறைக்குள் ஊதிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்றதும் கவலைப்பட்டாள்.

“என்ன, உடம்புக்கு வருத்தமோ?”

“எனக்கில்லை.”

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. என்னை மண்ணரசியின் மறுபக்கத்தில் இருத்தி, மரக்குச்சி ஒன்றைக் கையில் தந்தாள். அவள் குத்துவாள், நான் ஊதுவேன், அவள் துடைப்பாள். பத்து மணி அளவில் கீழே இருந்த நீட்டுத் துண்டுகளில் ஒன்று தலையைக் காட்டியது.

அது ஒரு வில் புரோச். நடுவில் வில்லைப்போல வளைந்திருப்பதால் அந்தப் பெயர். வெள்ளியில் செய்து பொன் பூசியது, என் உள்ளங்கை நீளம். ஒரு நுனியில் விரல்களைப்போலக் குமிழ்கள். மற்ற நுனியில் கண் பிதுங்கிய ஒரு மிருகத்தின் முகம், எங்கள் கணித ஆசிரியர் தும்முவதற்கு முந்திய கணம் மாதிரி.

ஆனால் அது கிடந்தது தொடை எலும்புக்கு மேலே.

“இது ஏன் இஞ்ச கிடக்குது? நெஞ்சில இருந்து வழுக்கிட்டுதோ?”

“இல்லை. இந்தக் காலத்துப் பெரிய வீட்டுப் பொம்பிளையளின்ர கல்லறையில கனக்க இப்பிடித்தான். ரெண்டு சின்னது மேல, ரெண்டு பெரிசு கீழ.”

“கீழ என்னத்தக் குத்திறது?”

“ஒண்டையும் குத்தேல்லை.” யோஹன்னா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். “முந்தின காலத்தில இது தோளில இருந்தது, உடுப்பு விழாமப் பிடிச்சுக்கொண்டு. பிறகு தையல் மாறிப்போச்சு. தோளில இதுக்கு வேலை இல்லை. ஆனா கழட்டி வைக்க மனம் வரேல்லைப்போல. இடுப்புப் பட்டியில நாடா கட்டி, தொடையில தொங்க விட்டிச்சினம். அப்பிடித்தான் நாங்கள் நினைக்கிறம்.”

“வேலை இல்லாத நகைய ஏன் காவுறது?”

“இவள் ஆர் எண்டு ஊருக்குக் காட்ட எண்டு ஒரு பகுதி சொல்லுது. கெட்டது அண்டாமக் காக்க எண்டு மற்றப் பகுதி. மாநாட்டில ரெண்டு பகுதியும் வேற வேற மேசையிலதான் சாப்பிடும்.”

“நீ எந்த மேசை?”

“நான் சாப்பாடு எங்க நல்லா இருக்கோ அந்த மேசை.” அவள் குனிந்து புரோச்சின் ஓரத்தைப் பூதக்கண்ணாடி வழியாகக் காட்டினாள். “ஆனா இதப் பார். விளிம்பு மழுங்கிக் கிடக்கு. நாடாவில கோத்த பாசிமணியோட உரசி உரசித் தேய்ஞ்சது. செத்த பிறகு அலங்காரத்துக்கு வச்சதெண்டா இப்பிடித் தேயாது. இவள் இதோட வருசக்கணக்கா நடந்து திரிஞ்சிருக்கிறாள்.”

வேலை போன பிறகும் கழற்ற மனமில்லாமல், இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டு, அதோடு வருடக்கணக்காக நடந்து திரிவது. நான் புரோச்சைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

குச்சியைக் கீழே வைத்தேன்.

“என்ன?” என்றாள் யோஹன்னா.

“கால்!” என்றேன்.

“அது தொடை.”

“இல்லை. என்ர அம்மாவின்ர கால்.”

அதன் பிறகு எல்லாவற்றையும் அவளிடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவள் பகிடி விடவில்லை. ஃபோனை எடுத்து என் கையில் தந்துவிட்டு, “பின்னால அறை சும்மா கிடக்கு. கதவப் பூட்டிக்கொண்டு கதை,” என்றாள்.

முதல் அழைப்பு ஆஸ்பத்திரிக்கு. அம்மாவின் குரலில் பேசினேன். போன வருடம் முழுவதும் பள்ளிக்கு வராத காரணங்களை நான் இந்தக் குரலில்தான் அறிவித்து வந்தேன், ஆகவே பயிற்சிக்குக் குறைவில்லை. உலோகம் இல்லாத ஒரு கயிறு, நடுவில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு, அதைக் கட்டிக்கொண்டு சத்திரசிகிச்சைக்கு வரலாமா?

“கழுத்தில் முடியாது,” என்றார் தாதி. “கைகள் இரண்டும் எங்களுக்கு வேண்டும், ஊசிக்கும் இரத்த அழுத்தத்துக்கும்.”

“கணுக்காலில்?”

ஃபோனைப் பொத்திக்கொண்டு யாரிடமோ கேட்டார். “கணுக்கால் பிரச்சினை இல்லை. மேலே ஒரு பிளாஸ்டர் ஒட்டிவிடுவோம். வியாழக்கிழமைக்கு ஒருவர் தடிமன் பிடித்து வரவில்லை. அந்த இடம் வேண்டுமா, ஃபிராவ் லோகநாதன்?”

ஃபிராவ் என்றால் திருமதி. திருமதி லோகநாதன் அவசரத்தில் “ஓம்” என்று தமிழில் சொல்லிவிட்டார்.

இரண்டாவது அழைப்பு உல்முக்கு.

“அப்பா, வேலையில நிக்கிறீங்களோ?”

“ஓம் பிள்ளை. பின்னால மெஷின் சத்தம், கொஞ்சம் பலத்துச் சொல்லு.”

பலத்துச் சொன்னேன். கட்டி, தைரொயிட், போன வெள்ளிக்கிழமை, கொடி, கணுக்கால், வருகிற வியாழக்கிழமை, எல்லாம். சொல்லி முடிய மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. அப்பா வெளியே நடந்துபோயிருக்க வேண்டும், பிறகு அதுவும் கேட்கவில்லை.

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“உங்களுக்கு வேலையாம்.”

அது குத்தும் என்று தெரிந்துதான் சொன்னேன். குத்தியது.

“மஞ்சள் இருக்கோ வீட்டில?” என்றார் அப்பா. “தூள் இல்லை, கிழங்கு. இல்லையெண்டா நான் இஞ்சத்தத் தமிழ்க் கடையில வாங்கிக்கொண்டு வாறன்.”

மார்ச் 18, செவ்வாய்

அம்மாவிடம் சொன்னேன். கத்தினார். இவ்வளவு கத்தக்கூடிய கழுத்துக்குள் ஒரு கட்டியும் இருக்கிறதா என்று யாருக்கும் சந்தேகம் வரும். “உன்ன ஆர் கேக்கச் சொன்னது! அந்த மனுசன ஏன் அலைக்கழிக்கிறாய்!”

கத்தி முடித்ததும், அப்பா படுக்கப்போகிற அறைக்குப் போய்த் தலையணை உறையை மாற்றினார். அந்த அறை மூன்று வருடமாக இஸ்திரி மேசையின் அறை.

மார்ச் 19, புதன்

அப்பா வந்தார். ஒரு கையில் பாண் பெட்டி, மறு கையில் ஒரு கட்டுப் பச்சை மஞ்சள். ஐந்து பேருக்குத் தாலி கட்டலாம் அதில்.

மேகலா அன்ரியும் வந்துவிட்டார், அவரை யாரும் கூப்பிடவில்லை என்பது அவருக்கு ஒரு தடையே அல்ல. கயிற்றை மஞ்சளில் தோய்த்து, கிழங்குத் துண்டைக் கட்டி, எல்லாம் முறையாகத்தான் செய்தார். ஆனால் கணுக்கால் என்றதும் கையை உதறினார்.

“காலிலயோ! சிவசிவா! தாலியக் காலில கட்டினதா எங்கையாவது கேள்விப்பட்டிருக்கிறியளோ? கால்படுற இடத்தில கொண்டுபோய்…”

அம்மா சோபாவில் இருந்து எழும்பப் பார்த்தார். ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்திய ஒருத்தியின் தொடையில் தொங்கிய புரோச்சைப் பற்றி மேகலா அன்ரிக்கு எந்த மொழியில் விளங்கப்படுத்துவது?

தேவைப்படவில்லை. அப்பா கதிரை விளிம்பில் இருந்து எழும்பி வந்து, அம்மாவுக்கு முன்னால் நிலத்தில் இருந்தார்.

“மேகலா, அம்மியில இந்தக் காலத் தூக்கி வச்சுப் பிடிச்சு மெட்டி போட்டவன் நான்தான். அண்டைக்கு ஐயர் ஒண்டும் சொல்லேல்லை.” பிறகு அம்மாவைப் பார்க்காமல், காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “இஞ்சேரும். தாரும் கால.”

அம்மா பாவாடை விளிம்பை ஒரு விரலளவு தூக்கினார். கால் நகத்தில் பழைய பூச்சுப் பாதி உரிந்துபோய் இருந்தது. அதை மறைக்க மற்றக் காலால் மிதித்துக்கொண்டார்.

அப்பா மூன்று முடிச்சுப் போட்டார். மேகலா அன்ரி, கொள்கையில் மறுப்பு இருந்தாலும், வாயால் “ம்ம்ம்” என்று நாதஸ்வரம் மாதிரி ஏதோ வாசித்தார்.

கயிறு ஏறிய பிறகுதான் கொடி இறங்க வேண்டும். நடுவில் ஒரு நொடிகூட வெறுமை கூடாது. ஆனால் கொடியின் திருகாணி இறுகிப்போயிருந்தது. அப்பா திருகினார், அசையவில்லை. மேகலா அன்ரி பல்லால் கடிக்கலாம் என்றார். நான் எல்லோரையும் விலக்கிவிட்டு ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, முற்பணமாக எடுத்துவந்த என் சம்பள பிரஷால் மெல்ல மெல்லத் தேய்த்தேன். உள்ளே இருந்து பழைய பவுடரும் சோப்பும் கரைந்து வந்தது. மூன்றாவது முயற்சியில் திருகாணி சுற்றியது.

கொடி அம்மாவின் கழுத்தில் ஒரு வெளிறிய கோட்டை விட்டுவிட்டு வந்தது. கையில் வாங்கியபோதுதான் பார்த்தேன், பதக்கத்தின் ஒரு பக்க விளிம்பு மழுங்கிப் போயிருக்கிறது.

“ஆர் வச்சிருக்கிறது?” என்று கேட்டேன்.

அம்மா அப்பாவைக் காட்டினார்.

மார்ச் 20, வியாழன்

அம்மாவைக் காலையிலேயே உள்ளே கொண்டுபோனார்கள். கணுக்காலைக் கண்ட தாதி “அழகாய் இருக்கிறதே” என்று சொல்லிப் பிளாஸ்டர் ஒட்டினார். அம்மா எனக்குக் கடைசியாகச் சொன்னது: “அடுப்பில சோறு இருக்கு.”

நானும் அப்பாவும் இயந்திரக் கோப்பி குடித்தோம். அப்பா சட்டைப் பைக்குள் கையை விட்டபடியே இருந்தார். அந்தப் பைக்குள்தான் கொடி இருந்தது. என்னிடம் பகிடிகள் ஏராளம் இருந்தன. ஒன்றும் வெளியே வரவில்லை.

இடையில் யோஹன்னாவிடமிருந்து ஒரு படம்: இரண்டாவது வில் புரோச், மற்றத் தொடையில், அச்சு அசல் சோடி. கீழே, ‘இவளுக்கு எல்லாம் ஒழுங்காக வெளியே வந்துவிட்டது. உன் அம்மாவுக்கு?’

பன்னிரண்டே முக்காலுக்கு வைத்தியர் வந்து, எல்லாம் ஒழுங்காக வெளியே வந்துவிட்டது என்றார். அதே வசனம். அப்பாவின் தோளில் முகத்தை வைத்து நான் சிரித்தேன். சிரிப்புத்தான். அவருடைய சட்டை நனைந்தது கோப்பியால்.

கட்டியை ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவுக்கு ஒரு வாரமாகும்.

மார்ச் 21, வெள்ளி

பட்டறையில் கடைசி நாள். நான்கு புரோச்சுகளும் கறுப்புத் துணியில், மண்ணரசி போட்டிருந்த ஒழுங்கில். என் மேலங்கியின் முதுகில் யோஹன்னா ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டியிருக்கிறாள். நாள் முழுக்க அதோடு திரிந்து, பேருந்தில் ஒரு கிழவர் சிரித்த பிறகுதான் எடுத்து வாசித்தேன்: ‘அரிய பொருள். சத்தம் எழுப்பும். கீழே போட வேண்டாம்.’

இறுதிப் புள்ளி அவளுக்கு. ஒத்துக்கொள்கிறேன்.

அம்மாவுக்குக் குரல் அடைத்துவிட்டது. குழாய் போட்டதால்தானாம், திரும்பி வரும் என்கிறார்கள். இப்போதைக்குக் காற்று மட்டும்தான். என்னை வாயால் ஏச முடியாமல் கண்ணால் ஏசுகிறார். என் வாழ்க்கையின் பொற்காலம் இது. ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

இன்று நான் அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவரைக் கழுவினேன்.

மார்ச் 28, வெள்ளி

பின்னேரம் மூன்று மணிக்கு ஃபோன். வேலை முடிந்து நேரே வந்திருந்த அப்பா அதை அம்மாவிடம் நீட்டினார், அம்மா என்னிடம் நீட்டினார். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

வைத்தியர் முதலில் வணக்கம் சொன்னார். பிறகு காலநிலை சொன்னார். கடைசியில், அது தீங்கில்லாத கட்டி என்றார்.

ஜெர்மன் மொழியில் அதற்கு ‘நல்ல குணமுள்ளது’ என்று பெயர். அம்மாவுக்கு அப்படியே தமிழில் சொன்னேன்: “எங்கட குடும்பத்தில நல்ல குணமுள்ளது அது ஒண்டுதான் இருந்திருக்கு. அதையும் வெட்டி எறிஞ்சிட்டாங்கள்.”

அம்மா சிரித்தார். சிரிக்க, தையல் வலித்தது. வலிக்க, “ஆ!” என்றார். அந்த ‘ஆ’வில் குரல் இருந்தது! கரகரத்த, பாதிக் குரல். ஆனால் அம்மாவின் குரல். உடனேயே அதை அப்பாவின் மேல் பாவித்தார்: “என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? பிள்ளைக்குப் பசிக்கும்!”

அப்பா உருளைக்கிழங்குப் பிரட்டல் செய்தார். உப்புக் கூடிவிட்டது. அம்மா அதையும் சொன்னார். இரண்டாம் தரம் போட்டும் சாப்பிட்டார். மேகலா அன்ரி மேலிருந்து இறங்கி வந்து செய்தி கேட்டு, அழுது, மூக்கைச் சிந்தி, கட்டடம் முழுவதற்கும் அறிவிக்க மேலே ஏறினார். காயம் ஆற ஆறு வாரமாகும், அதுவரை கழுத்தில் பாரம் கூடாது என்று வைத்தியர் சொன்னார். அப்பா அந்தத் திகதியைத் தன் ஃபோனில் பதிந்தார். மஞ்சள் கயிறு கணுக்காலில் நிறம் மங்கத் தொடங்கியிருக்கிறது. அம்மா அதைச் சோபாவில் மறைக்காமல் நீட்டிக்கொண்டு இருந்தார்.

ஏழு மணி ரயிலுக்கு அப்பா புறப்பட வேண்டும். வாசலில் நின்று தேடினார்.

“என்ர சப்பாத்த ஆரும் கண்டனீங்களோ?”

“இல்லை,” என்றேன் நான்.

“இல்லை,” என்றார் அம்மா.

கதவுக்குப் பின்னால் பார்த்தார். பல்கனியில் பார்த்தார். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அப்பா குனிந்து நிமிர்ந்து தேடிக்கொண்டிருக்க ஏழு மணி போனது. எட்டு மணி ரயிலும் போனது.

“விடுங்கோ,” என்று அம்மாவின் கரகரத்த குரல் சோபாவில் இருந்து வந்தது. “செருப்போட ரெயினில போகேலாது. நாளைக்குப் பாப்பம்.”

அப்பா இப்போது இஸ்திரி மேசையைச் சுவரோரம் தள்ளும் சத்தம் கேட்கிறது.

பின்னால் யாரும் என்னை மட்டும் குற்றம் சாட்டக்கூடாது என்பதற்காக இங்கே பதிந்து வைக்கிறேன்: நான் ஒளித்தது இடது சப்பாத்தை மட்டும்தான். அது என் பள்ளிப் பைக்குள் இருக்கிறது. வலது சப்பாத்தை எடுக்கத் திரும்பி வந்தபோது அது ஏற்கெனவே அங்கே இல்லை.